கண்டுபிடிக்கிறவருக்குக் கூலி கொடுங்கள்

“சார், இன்ஜின் போச்சு.”

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் இந்த மூன்று சொற்களை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். வண்டியில் ஏதோ சத்தம் வருகிறதே என்று பட்டறைக்குக் கொண்டுபோகிறீர்கள். பானெட்டைத் திறக்கிறார்கள். ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை மிதிக்கச் சொல்கிறார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிறார்கள். அரை நிமிடம்தான். தீர்ப்பு வந்துவிடுகிறது. “இறக்கித்தான் பாக்கணும். இல்லேன்னா வித்துட்டு வேற பாருங்க.”

இந்தப் பதிவு அந்த அரை நிமிடத் தீர்ப்புக்கு எதிரானது. அந்தத் தீர்ப்பைச் சொல்கிற மெக்கானிக்கைவிட, அப்படிச் சொல்லும் நிலைமைக்கு அவரைத் தள்ளிய நம்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். ஏன் என்று கீழே சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் பேசிப் பழகியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒலி, அதிர்வு, ஒத்ததிர்வு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று பட்டறை வைத்திருக்கிறார்கள். மாலை நேரத்தில் அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பது ஓய்வுக்குப் பிறகு வந்த பழக்கம். இங்கே எழுதுவதெல்லாம் பாடப் புத்தகத்திலும் அந்த ஸ்டூலிலும் கற்றதுதான்.

முசிறி மாதிரி ஊரில் பழைய கார் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருநகரத்துக்காரர்களுக்கு அது “இரண்டாவது வண்டி”. இங்கே அதுதான் ஆம்புலன்ஸ். நடுராத்திரியில் நெஞ்சு வலி என்றால் திருச்சி நாற்பது கிலோமீட்டர். குணசீலம், வாத்தலை வழியாக இருட்டில் போகவேண்டும். பிரசவத்துக்குக் குளித்தலைக்குப் போக ஆற்றுப் பாலத்தைத் தாண்டவேண்டும். தொட்டியம் பக்கம் வாழை போட்டவருக்கு அதே கார்தான் உர மூட்டை ஏற்றும் வண்டி, கல்யாணத்துக்குப் போகும் வண்டி, மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவரும் வண்டி. பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய ஸ்விஃப்ட், சான்ட்ரோ, இண்டிகா. சில வீடுகளில் இன்னும் மாருதி 800. இந்த வண்டியைப் “போச்சு” என்று சொல்லி எழுபதாயிரத்துக்குத் தள்ளிவிட்டால், அடுத்த வண்டிக்கு ஐந்து வருடக் கடன். ஆகவே ஒரு சத்தத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கே சின்ன விஷயம் இல்லை.

எங்கள் பகுதியில் வாழைத்தார் வியாபாரம் செய்பவர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். டீசல் கார், ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. இன்ஜின் பக்கத்திலிருந்து “கொர்ர்ர்” என்று ஓர் உறுமல். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் உறுமலும் கூடுகிறது. நகரத்தில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனார். மெயின் பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கவேண்டும், எழுபதாயிரம் ஆகும், இறக்கிய பிறகு கூடவும் ஆகலாம் என்றார்கள். ஒரு வாரம் அவருக்குத் தூக்கமில்லை. மனைவியின் வளையல் வரை பேச்சு போய்விட்டது.

கடைசியில் உள்ளூர்ப் பட்டறைக்கு வந்தார். அந்தத் தம்பி செய்தது ஒன்றே ஒன்றுதான். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றினார். இன்ஜினைப் பத்து விநாடி மட்டும் ஓடவிட்டார். உறுமல் இல்லை. நிறுத்திவிட்டு ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுற்றினார். மணல் அரைபடுவது போல் கரகரத்தது. “அண்ணே, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. ஆல்டர்னேட்டர் பேரிங்தான்.” இரண்டு பேரிங், கழற்றி மாட்டும் கூலி, எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய்.

இதுவரை கேட்டால் சந்தோஷமான கதை. ஆனால் முடிவு இப்படி இல்லை. எழுபதாயிரத்துக்கு வளையலை அடகு வைக்கத் தயாராக இருந்த அதே மனிதர், தொள்ளாயிரத்தில் நூறு குறைக்கச் சொன்னார். அவர் சொன்ன காரணம்: “கண்டுபிடிக்க பத்து நிமிஷம்கூட ஆகலையேப்பா!”

அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே நூறைக் குறைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். பட்டறையில் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம்? சாமானுக்கு. சாமானைக் கழற்றி மாட்டுவதற்கு. எந்தச் சாமான் என்று கண்டுபிடித்ததற்கு எந்த பில்லிலாவது ஒரு வரி இருக்கிறதா? டாக்டரிடம் போனால் மருந்து வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்ததற்கு ஃபீஸ் கொடுக்கிறோம். வக்கீல் யோசனை சொன்னால் கொடுக்கிறோம். ஜாதகம் பார்ப்பவருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். மெக்கானிக் கண்டுபிடித்தால் மட்டும் அது இலவசம்.

விளைவு என்ன? ஒழுங்காகக் கேட்டு, சோதித்து, “ஒண்ணுமில்லேண்ணே, சைலன்சர் கிளாம்ப் லூஸ்” என்று சொல்கிறவருக்கு ஐம்பது ரூபாய் கிடைக்கும். அதுவும் கிடைக்காமல் “தேங்க்ஸ்ப்பா” என்று கிளம்புகிறவர்களும் உண்டு. கேட்காமல் கொள்ளாமல் இன்ஜினை இறக்குகிறவருக்குப் பல ஆயிரம். இரண்டு பேருக்கும் வாடகை ஒன்று, கரண்ட் பில் ஒன்று. பத்து வருடத்தில் எந்தப் பட்டறை நிற்கும், எது மூடப்படும்? காதை வைத்துப் பிழைக்கிறவரைப் பட்டினி போட்டுவிட்டு, “இப்போ நல்ல மெக்கானிக்கே இல்லை சார்” என்று நாமே புலம்புகிறோம்.

கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதினால் முழு மார்க் கிடையாது. வழிமுறைக்கு மார்க் உண்டு என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம். “மெயின் பேரிங், எழுபதாயிரம்” என்பது வழிமுறை இல்லாத விடை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நாம் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் மெக்கானிக் கோபித்துக்கொள்வார் என்று பயம்.

சரி, கண்டுபிடிப்பது என்றால் என்ன? மாயமந்திரம் எதுவுமில்லை. ஒரு சத்தத்திடம் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். எப்போது வருகிறது? எங்கிருந்து வருகிறது? எதைச் செய்தால் கூடுகிறது? எதைச் செய்தால் நிற்கிறது? இந்த நான்குக்கும் பதில் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். பட்டறையில் பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே மேலே டப்பட் “டிக் டிக்” என்று தட்ட ஆரம்பிக்கும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் அதில் கலக்கிறது என்று சந்தேகப்படலாம். சத்தத்தோடு சேர்ந்து டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். “அடுத்த ஊர் பட்டறை வரைக்கும் மெதுவா ஓட்டிப் போயிடலாம்” என்று நினைத்தால், அந்த அடுத்த ஊருக்குள்தான் இன்ஜின் உண்மையிலேயே போகும்.

அடுத்து, வண்டி நிற்கும்போதும் சத்தம் வருகிறதா? நின்ற வண்டியில் இல்லாமல் ஓடும்போது மட்டும் “ஊம்ம்ம்” என்று வந்து, கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் அதே அளவில் இருந்தால், அது இன்ஜின் சத்தமே இல்லை. சக்கர பேரிங்காகவோ தேய்ந்த டயராகவோ இருக்கலாம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் “டக் டக்” என்றால் முன் சக்கர ஆக்ஸில் ஜாயின்ட்டைப் பார்க்கவேண்டும். இன்ஜின் மேல் விழும் பழிகளில் பல, உண்மையில் சக்கரத்தினுடையவை.

நின்ற வண்டியில், கிளட்சை மிதித்துப் பாருங்கள். மிதிக்கும்போது சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் வந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங். ஏசியைப் போடுங்கள், அணையுங்கள். ஏசி போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரஸர் பக்கம். இதற்கெல்லாம் ஸ்பேனர்கூட வேண்டாம். ஒரு காலும் ஒரு விரலும் போதும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் “கீச்ச்” என்று கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் பெல்ட். மழை நாளில் இன்னும் கத்தும். காலையில் “சிக் சிக்” என்று டப்பட் மாதிரித் தட்டி, இன்ஜின் சூடானதும் நின்றுவிட்டால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் புகை கசிகிறதா என்று பாருங்கள். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் சத்தம் நிற்கிறது. இதை டப்பட் என்று நினைத்து வால்வைப் போட்டுக் குடைகிறவர்கள் உண்டு. காலையில் மந்தமாக “தொப் தொப்” என்று தட்டி, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் ஆட்டமாக இருக்கலாம். தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கிறது, சூட்டில் விரிந்ததும் பொருந்திக்கொள்கிறது. அந்த நிலையிலும் ஆயிலைக் கவனித்து ரொம்ப நாள் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் “கலகல” என்று நடுங்கி, அதற்கு மேலே போனாலும் கீழே வந்தாலும் நின்றுவிட்டால், பிள்ளைகளா, அது ஒத்ததிர்வு! பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது இதற்குத்தான். தளர்ந்த சைலன்சர் தகடோ, வெப்பத் தடுப்புத் தகடோ, ஒரு பிராக்கெட்டோ அதன் இயல்பு அதிர்வெண்ணில் இன்ஜின் துடிக்கும்போது கூடச் சேர்ந்து ஆடுகிறது. ஒரு போல்ட்டை முடுக்கினால் தீரும்.

இன்னொரு பாடம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 800 சுற்று என்று வையுங்கள். கிராங்க் விநாடிக்குப் பதிமூன்று தடவை, ஒரு வால்வு விநாடிக்கு ஆறேழு தடவை. ஆகவே மேலிருந்து வரும் வால்வுத் தட்டல் பொதுவாக நிதானமாகவும், கீழிருந்து வரும் கிராங்க் தட்டல் அதைவிட இரட்டிப்பு வேகமாகவும் இருக்கும். காதால் எண்ண முடியாதா? கைப்பேசியில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துப் போட்டு எண்ணுங்கள். அந்தக் கருவி சினிமாப் பாட்டு கேட்பதற்கு மட்டும் இல்லை.

இவற்றில் பயப்படவேண்டிய சத்தம் எது? அடியிலிருந்து வரும் கனத்த “டொக் டொக்”. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் மாறும், இன்ஜின் சூடான பிறகு கூடும். இது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். இதற்கும் அரை நிமிடத் தீர்ப்பு கூடாது. ஆயில் பிரஷரைக் கேஜ் மாட்டி அளக்கவேண்டும். ஒவ்வொரு சிலிண்டராகச் செயலிழக்கச் செய்து, எதை நிறுத்தும்போது தட்டல் குறைகிறது என்று மெக்கானிக் பார்க்கவேண்டும். சிலிண்டரின் கம்ப்ரஷனை அளக்கவேண்டும். பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம் சந்தேகப்படவேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஒருவர் “இன்ஜின் போச்சு” என்றால் நான் கையெடுத்துக் கும்பிட்டு ஒத்துக்கொள்வேன். அது கண்டுபிடித்துச் சொன்ன சொல்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லவேண்டும். சத்தமே போடாமல் இன்ஜினைக் கொல்லும் எதிரி ஒன்று இருக்கிறது. டைமிங் பெல்ட். மாருதி 800, சான்ட்ரோ, டீசல் இண்டிகா எல்லாவற்றிலும் ரப்பர் பெல்ட்தான். பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் அறும். அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். இத்தனை கிலோமீட்டருக்கு அல்லது இத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்று கம்பெனி கொடுத்த கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்து மாற்றுவது ஒன்றுதான் வழி. மாறாக, 2007ல் ஸ்விஃப்ட்டில் வந்து 2020 வரை மாருதியில் ஓடிய 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் செயின். இத்தாலியின் ஃபியட் உருவாக்கிய இன்ஜின் அது. அந்தச் செயின் நீண்டுபோனாலோ டென்ஷனர் தளர்ந்தாலோ, காலை ஸ்டார்ட்டில் சில விநாடி “சரசர” என்று உரசிச் சொல்லும். அந்தச் சில விநாடியைக் கேட்காமல் எஃப்எம் ரேடியோவைக் கூட்டி வைக்கிறவர்களை என்ன சொல்ல?

இனி குறுக்குவழிக்காரர்களுக்கு வருகிறேன்.

கெட்டி ஆயில் வைத்தியம். கையேட்டில் சொன்னதைவிடக் கனமான ஆயிலை ஊற்றினால் தேய்ந்த பேரிங் சத்தம் கொஞ்ச நாள் அமுங்கும். பாட்டிலில் விற்கும் “சத்தம் குறைக்கும்” திரவங்களும் அந்த ரகம்தான். வலிக்கிற பல்லுக்குக் கிராம்பு வைத்துக்கொண்டு வருடக்கணக்காகத் திரிவது மாதிரி. பழைய கார் விற்கிற சிலர் வாங்குபவர் வருவதற்கு முன்னால் இதைச் செய்கிறார்கள். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கியும் வைத்திருப்பார்கள். பழைய வண்டி வாங்கப் போனால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், “நாளைக்குக் காலையில வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஸ்கேனர் வைத்தியம். 2010க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்கேனர் மாட்டும் இடம் இருக்கிறது. நல்ல கருவி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது சென்சார் சொல்வதைத்தான் படிக்கும். ஆல்டர்னேட்டர் பேரிங் உறுமுவதை அளக்க அங்கே சென்சார் கிடையாது. “ஸ்கேன் பண்ணியாச்சு சார், எரர் எதுவும் இல்ல, அதனால இன்ஜினுக்குள்ளதான் பிரச்சனை” என்று ஒருவர் பேசியதை என் காதால் கேட்டேன். கருவிக்குத் தெரியாததெல்லாம் இன்ஜினுக்குள் இருக்கிறது என்பது என்ன தர்க்கம்?

எத்தனால் வைத்தியம். இப்போது எந்தச் சத்தம் வந்தாலும் “எல்லாம் இந்த இ-20 பெட்ரோலால வந்தது” என்று ஒரு வார்த்தை. எத்தனால் கலப்பதால் மைலேஜ் குறைவது உண்மை. அதை மனதில் வைத்துச் செய்யாத பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், சீல்களைக் கவனிக்கவேண்டும் என்பதும் உண்மை. ஆனால் மேட்டில் ஏறும்போது வரும் “கிணிகிணி” நாக்கிங் சத்தத்துக்கு எத்தனாலைக் காரணம் சொல்வது தலைகீழ்ப் பாடம். எத்தனாலின் ஆக்டேன் மதிப்பு பெட்ரோலைவிட அதிகம், அது நாக்கிங்கைத் தடுக்கும் பக்கம் நிற்கிறது. துறையூர் தாண்டிப் பச்சைமலையில் நான்காவது கியரில் திணறத் திணற ஏற்றினால் எந்தப் பெட்ரோலிலும் நாக்கிங் வரலாம். சிலிண்டருக்குள் படிந்த கரியும் காரணமாக இருக்கலாம். கியரைக் குறைத்துப் பாருங்கள், பிறகு பழி போடலாம்.

காதால் நோய் கண்டுபிடிப்பது ஏதோ பட்டிக்காட்டு வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1816ல் பிரான்சில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அங்கிருந்து வந்ததுதான் டாக்டர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப். நம் மெக்கானிக் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டரில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பதும் அதே அறிவியல். திடப்பொருளில் ஒலி காற்றைவிட நன்றாகக் கடக்கும். (சுற்றும் பெல்ட், ஃபேன் பக்கம் வேட்டியோ துண்டோ கையோ போகக்கூடாது. பழகாதவர்கள் செய்யாதீர்கள்.) திருச்சி ஜங்ஷனில் நீராவிக் காலத்து ரயிலைப் பார்த்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வண்டி நின்றதும் நீளச் சுத்தியலோடு ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார். “கிண்” என்றால் நல்ல சக்கரம், “டொப்” என்றால் விரிசல். இன்று அதே ரயில்வே அச்சையும் தண்டவாளத்தையும் மீயொலியால் சோதிக்கிறது. கருவி மாறியது, கேட்பது நிற்கவில்லை. 1928லிருந்து பொன்மலையில் இருக்கிறதே ரயில்வே பட்டறை, நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே புதிதாகக் கட்டிக் கொடுத்தது, அங்கே போய் “காதால கேக்கறது பழைய முறை” என்று சொல்லிப் பாருங்கள்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்க்காமல் வாங்கியது உண்டா? நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி பயணம் போய்ப் பாருங்கள். பேசிக்கொண்டே ஓட்டுவார். ஏதோ ஒரு சத்தம் மாறினால் பாதிப் பேச்சில் நிறுத்துவார். நமக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அந்தக் காதுக்கு விலை இல்லையா?

“வாத்தியார் ஐயா, பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீர்களா? புகை கக்காதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புகை கக்கும் வண்டியை நான் ஆதரிக்கவில்லை. சோதனையில் தேறாத வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது. நான் கேட்பதெல்லாம், வண்டியின் வயதைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், உடம்பைச் சோதித்து எழுதுங்கள் என்பதுதான். அரசாங்கமும் பட்டறைக்காரர் செய்வதைத்தான் செய்கிறது. 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. டெல்லியில் 10 வருட டீசலும் 15 வருட பெட்ரோலும் ஓடக்கூடாது என்று சொல்லி எத்தனை குழப்பம். நன்றாகப் பராமரித்த பதினாறு வயது வண்டியும், ஒருநாளும் ஆயில் மாற்றாத ஏழு வயது வண்டியும் பக்கத்தில் நின்றால் எது ஆபத்து? பிறந்த தேதி அதைச் சொல்லாது.

“மெக்கானிக்கை நம்ப முடியலையே சார்” என்பது அடுத்த கேள்வி. பழைய சாமானை மட்டும் கண்ணில் காட்டச் சொன்னால் போதாது. எந்தச் சோதனையில் இது தெரிந்தது என்று கேளுங்கள். கோபிக்கிறவர் இருப்பார். “வாங்க சார், நீங்களே கேளுங்க” என்று ஸ்க்ரூடிரைவரை நீட்டுகிறவரும் இருப்பார். இரண்டாமவர் கிடைத்தால் விடாதீர்கள். சந்தேகம் கேட்கும் மாணவன்மேல் எரிந்துவிழும் ஆசிரியருக்குப் பாடம் தெரியாது என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். பட்டறைக்கும் அது பொருந்தும்.

பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள், வேண்டுகோள் என்ன, வீட்டுப்பாடம். நாளைக்கே ஒரு போர்டு எழுதி மாட்டுங்கள். “சத்தம் சோதித்துக் காரணம் சொல்ல: ரூபாய் 300.” வேலை உங்களிடமே கொடுத்தால் அதில் கழித்துக்கொள்ளுங்கள். காரணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: என்ன சத்தம், என்ன சோதனை, என்ன முடிவு. ஆரம்பத்தில் நாலு பேர் முறைப்பார்கள். பக்கத்துப் பட்டறைக்குப் போவார்கள். அங்கே ஏழாயிரம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படித்துவிட்டு வரும் பையன்களைச் சக்கரம் கழற்ற மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் முதலில் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு பெல்ட்டைக் கழற்றிக் காட்டுங்கள். காது அப்படித்தான் படிக்கும். ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

வண்டிக்காரர்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டு. வண்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும், டைமிங் பெல்ட் மாற்றிய கிலோமீட்டரும் அதில் இருக்கவேண்டும். வாரத்தில் ஒருநாள் காலையில், கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்து, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கேளுங்கள். உங்கள் வண்டியின் ஆரோக்கியமான சத்தம் எது என்று தெரிந்தால்தான் மாறும்போது தெரியும். மாருதி 800க்கு மூன்று சிலிண்டர், கொஞ்சம் குலுங்கிக்கொண்டுதான் நிற்கும். டீசல் கொஞ்சம் தட்டும். அது அதன் சுபாவம். புதிதாக ஒன்று சேர்ந்தால் நான்கு கேள்வியையும் கேட்டு, பதிலை நோட்டில் எழுதி, பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே ஒருவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொன்னால், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் இருபது வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் மேலே ஒரு நூறும் சேர்த்து.

உங்கள் ஊரில் இப்படிக் கேட்டுச் சொல்லும் மெக்கானிக் இருந்தால், அவருக்குச் சம்மதம் என்றால், ஊரையும் பட்டறையையும் கீழே எழுதுங்கள். நாலு பேருக்கு உதவும். எழுபதாயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டவர் பெயர் எனக்கு வேண்டாம். அவருக்கு விளம்பரம் தேவையில்லை, கூட்டம் அங்கேதான் நிற்கிறது.